மொட்டை மாடிக்கு நிழல் வைத்தவர்

உயிரே போனாலும் மாடியை விட்டுக்கொடுப்பதில்லை என்று வெல்டர் முடிவு செய்தார். முடிவை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, மனைவியிடம்.

பகலெல்லாம் பட்டறையில் கேட்டும் கிரில்லும் அறுத்து, தட்டி, பற்றவைத்துக் காதெல்லாம் ரீங்காரம் போடும். சாயங்காலம் மொட்டை மாடியில் மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுத்தால்தான் மனுஷனாக ஆவார். அவரிடம் யாரும் எதுவும் கேட்காத ஒரே இடம் அதுதான்.

இப்போது அதற்கும் ஆபத்து. தெருவுக்கே பொதுவாக சோலார் போடப் போகிறார்கள். ஏதாவது ஒரு மாடியில் தகடுகள். அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் கரண்ட். தெருக் கமிட்டிச் செயலாளர் வேறு யாருமில்லை, அவர் சம்சாரமேதான்.

"நம்ம மாடியில போடலாம்னு பேச்சு," என்றாள், சோறு போட்டுக்கொண்டே.

வெல்டருக்குப் புரையேறியது. "மாடி முழுசுமா?"

"முழுசும்தான். ஞாயித்துக்கிழமை சோலார்காரர் வர்றாரு. நிழல் மட்டும் ஆகாதாம். ஒரு தகட்டுல நிழல் விழுந்தாலும் கரண்ட் குறைஞ்சிடுமாம்."

"அடப் பாவமே," என்றார் வெல்டர், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு.

கரண்ட் போனால் முதலில் படுப்பது அவருடைய பட்டறைதான். அது தெரியாமலில்லை. தெருவுக்கே துரோகம் பண்ணுகிறோமே என்று நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பில் ஒரு கேட்டுக்குத் தாழ்ப்பாளைத் தெருப்பக்கமாகப் பற்றவைத்துவிட்டார். ஆனாலும் கட்டில் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாளே மாடியில் இரும்புக் கம்பங்கள் முளைத்தன. கம்பத்துக்குக் கம்பம் குறுக்குச் சட்டம், சட்டத்துக்குச் சட்டம் கம்பி. அதில் வீட்டிலிருந்த போர்வை, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் நனைத்துத் தொங்கவிட்டார். நிழலென்றால் அப்படியொரு நிழல்.

மனைவி மேலே வந்தாள்.

"என்னங்க இது?"

"துணிக்கொடி. நீதான் கேட்டுக்கிட்டே இருந்தியே."

"ஊர்ல உள்ள வீட்டுக்கெல்லாம் செஞ்சு குடுத்தீங்க. நம்ம வீட்டுக்கு இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"உனக்காகத்தான்மா."

"அப்ப இன்னும் ரெண்டு வரிசை சேத்துப் போட்டுடுங்க."

திட்டவில்லை. முறைக்கக்கூட இல்லை. கீழே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். வெல்டருக்கு அது சரியாகப் படவில்லை. இருந்தாலும் நிழல் கூடுகிறதே என்று இரண்டு வரிசையையும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சோலார்காரர் வந்தார். கூடவே எதிர்வீட்டம்மா. தெருவிலேயே பெரிய மாடி அவருடையது. தெருவின் துணியெல்லாம் காய்வது அங்கேதான்.

"பாருங்க சார், ஒரே நிழல்," என்று வெல்டர் முந்திக்கொண்டார். "தகடு வைக்க இடமே இல்ல. எனக்கே மனசு கஷ்டமா இருக்கு."

"இங்க எதுக்கு சார் தகடு?" என்றார் சோலார்காரர். "பக்கத்துக் கட்டிடத்தோட நிழல் பாதி நாள் இங்கதான் விழுது. போன வாரமே பாத்துட்டு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லிட்டேனே. தகடு எதிர்வீட்டு மாடியிலதான்."

வெல்டர் மனைவியைப் பார்த்தார். அவள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டம்மா ஒரு கம்பத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

"துணி காய வேற எடம் காட்டினாத்தான் மாடியைத் தருவேன்னு சொல்லியிருந்தேன்," என்றார். "இது போதும். பத்து வீட்டுத் துணியும் தாங்கும். இன்னைக்கே தகட்டை ஏத்துங்க."

மாடிப்படியில் ஈரத்துணி வாளிகள் இடிபடும் சத்தம் கேட்டது.

"இதை நேரா கேட்டிருக்கலாமே!" வெல்டர் மனைவியிடம் போனார்.

"நேராத்தானே ஒரு வருஷமா கேட்டேன்?"

"அப்ப... என் கட்டில்?"

"அது இங்கேயே இருக்கட்டும். திடீர்னு மழை வந்தா துணியெல்லாம் எடுக்க ஆள் வேணும்னாங்க. சாயங்காலம் நீங்க இங்க சும்மாதானே படுத்திருக்கீங்கன்னு உங்க பேரைக் குடுத்துட்டேன்."