முதல் எபிசோட் நீதிபதி

தொலைக்காட்சி பார்ப்பவர்களில் பல ரகம் உண்டு. ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொள்கிறவர், விளம்பரம் ஓடும்போது கதையைப் பற்றியும் கதை ஓடும்போது விளம்பரத்தைப் பற்றியும் பேசுகிறவர், பார்க்கவே இல்லை என்று சாதித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றபடியே முழுவதையும் பார்த்துவிடுகிறவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். நான் சொல்லப்போவது மன்னிக்க முடியாத ஓர் இனத்தைப் பற்றி. அதற்கு முதல் எபிசோட் நீதிபதி என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். ஒரு நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடை அவர் பார்ப்பார். விளம்பரத்தைக் கழித்தால் இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் அந்தத் தொடர் எத்தனை வருடம் ஓடும், யார் யாரைக் கட்டிக்கொள்வார்கள், எந்தப் பிள்ளை மாடிக்குப் போய்விட்டுத் திரும்பி வரவே மாட்டான் என்று நோட்டில் எழுதிவிடுவார். இரண்டாவது எபிசோடைப் பார்ப்பதில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? முதல் கோணல் முற்றும் கோணல் என்று நாமெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் அதை வேதவாக்காக வைத்துக்கொண்டு குடும்பமே நடத்துகிறார்.

அமெரிக்காவில், ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பர்பேங்க் ஊரில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. இங்கே பாதிப் பேர் தொடர் எடுக்கிறார்கள், மீதிப் பேர் அது ஏன் ஓடாது என்று சொல்கிறார்கள். நான் முதல் பாதியில் ஒரு மூலை. ஸ்டூடியோவில் தச்சு வேலை. நகைச்சுவைத் தொடர்களில் வரவேற்பறைக்குப் பின்னால் ஒரு மாடிப்படி தெரியும் அல்லவா, பிள்ளைகள் கோபித்துக்கொண்டு தடதடவென்று ஏறுவார்களே, அதைக் கட்டுகிறவன் நான். ஏறினால் மேலே ஒன்றும் இருக்காது. ஒரு பலகை, ஒரு ஏணி, கோபித்துக்கொண்டு போன பிள்ளை நின்று சிப்ஸ் சாப்பிட ஓர் இடம். அவ்வளவுதான்.

எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிர் ஃப்ளாட் வெண்டெல் ஹாஸ்கின்ஸுடையது. நாற்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து முடித்த கையோடு, தன் கண்ணை முதல் எபிசோடுகளுக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். அலமாரி முழுக்க வீடியோ கேசட், அதற்குப் பிறகு டிவிடி. மொத்தம் அறுநூற்றுப் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எபிசோட். வீட்டுக்குள் யார் கால் வைத்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே எழுபது வருட வரலாறு ஆரம்பித்துவிடும்.

ஐம்பதுகளின் முதல் எபிசோடில் கணவன் ஆபீசிலிருந்து வந்து தொப்பியை மாட்டுவானாம். மனைவி அவனுக்குத் தெரியாமல் எதையாவது வாங்கி அலமாரியில் திணித்திருப்பாளாம். அவன் அலமாரியைத் திறப்பான், எல்லாம் தலையில் கொட்டும். அறுபதுகளில் ஒளித்து வைப்பது சாமானை அல்ல, ரகசியத்தை: வீட்டில் ஒருத்திக்கு மந்திரம் தெரியும், அல்லது வளர்க்கிற பிராணி பேசும், அன்றைக்கென்று பார்த்து மேலதிகாரி விருந்துக்கு வருவார். எழுபதுகளில் ஒரு தகப்பன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் தேசம் கெட்டுப்போய்விட்டது என்று கத்துவான். எண்பதுகளில் தாய் இருக்கமாட்டாள். ஒரு மாமா பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார், இருபதாவது நிமிடம் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளில் வேலைவெட்டி இல்லாத வாலிபர்கள், எந்தச் சம்பளத்துக்கும் கட்டுப்படியாகாத வீட்டில் இருந்துகொண்டு, பகல் முழுக்கக் காபி குடிப்பார்கள். அப்புறம், ஜோக்குக்கு ஜோக் பின்னணியில் போட்டுவந்த சிரிப்பொலியை எடுத்துவிட்டார்கள். எங்கே சிரிப்பது என்று நமக்குத் தெரியாமல் போக, நடிக்கிறவர்களே பாவம் கேமராவைத் திரும்பிப் பார்த்து நம்மிடம் கேட்கிறார்கள்.

"ஆனா எழுபது வருஷமா ஒண்ணு மாறல," என்பார் வெண்டெல், விரலைத் தூக்கி. "கதவு. எவனோ ஒருத்தன் கதவைத் தொறந்துட்டு வருவான். எப்படி வர்றான்னு பாரு, போதும். மிச்சத்தை நான் சொல்றேன்."

அவருக்கு ஆறாத காயம் ஒன்றும் உண்டு. எண்பத்து மூன்றாம் வருடம் ஒரு சலவைக் கடைக் குடும்பத்தைப் பற்றி ஒரு தொடர் வந்ததாம். அருமையான தொடராம். சேனல்காரர்கள் முதலில் எடுத்ததை வைத்துக்கொண்டு, இரண்டாவதாக எடுத்ததை முதலில் போட்டுவிட்டார்கள். ஜனங்களுக்கு ஆள் யார் என்றே விளங்கவில்லை. நாலு வாரத்தில் மூட்டை கட்டிவிட்டார்கள். வெண்டெல் பதினோரு கடிதம் எழுதினார், ஒன்றுக்கும் பதில் இல்லை. "எடுத்த வரிசை வேற, போட்ட வரிசை வேறய்யா," என்று இன்றைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "ஆளைத் தெரியாமலே தீர்ப்பு சொல்லிட்டானுங்க."

இந்தக் கூத்தெல்லாம் பெட்டிக்குள்ளேயே நின்றிருந்தால் யாருக்கு என்ன கஷ்டம்? நிற்கவில்லை. தபால்காரர், பல் டாக்டர், புதிதாக வந்த பாதிரியார், எல்லோருக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இவர் அரிசி உலையில் விழும் முன்பே பதம் பார்க்கிறவர். என்னையும் பார்த்தார். குடிவந்த அன்று எங்கள் வீடு என்று நினைத்து அவர் கதவைத் திறந்துகொண்டு, கையில் வாணலியோடு நேரே உள்ளே போய்விட்டேன். "பக்கத்து வீட்டுக்காரன். தட்டாம வர்றான். இவன் நெடுநாள் ஓடுவான்," என்று சொல்லி உட்காரவைத்தார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக நான் அந்தக் கதவைத் தட்டியதில்லை. தட்டினால் அவருக்கு முகம் சுருங்கிவிடும்.

நான் ஓடினேன். அவர் மகள் மார்னி அழைத்து வந்தவர்கள் ஓடவில்லை. ஒருவன் மிதியடியில் காலை அதிக நேரம் துடைத்தான். "இவன் எதையோ மறைக்கிறான்." இன்னொருவன் ஜோக் முடிவதற்குள் சிரித்தான். "இவன் பார்வையாளன், பாத்திரம் இல்ல." இரண்டு பேருமே தாங்களாக ஒதுங்கிக்கொண்டார்கள். மார்னிக்கு முப்பத்தாறு வயது. முழங்கால் வலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. பொறுமைசாலி. அந்தப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது என்பது வெண்டெலைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபர் கடைசியில் ஊரே வேஷம் கட்டிக்கொள்ளும் ஹாலோவீன் பண்டிகை; போன ஹாலோவீனன்று ஒரு சம்பவம். வெண்டெல் வாயால் நான் பதினாலு முறை கேட்டது. பொழுது சாயும் நேரம் கதவு தட்டப்பட்டது. திறந்தால், தலையிலிருந்து இடுப்புவரை அட்டைப்பெட்டியில் செய்த பழைய காலத்துத் தொலைக்காட்சி. மேலே அலுமினியத் தாளில் இரண்டு ஆண்டெனா, பக்கத்தில் பாட்டில் மூடிகளில் திருகு. மாடியில் நடக்கும் விருந்துக்கு வந்தவன், தளம் மாறிவிட்டான். உள்ளே வரப்பார்த்தான், பெட்டி நிலைப்படியில் சிக்கிக்கொண்டது. இவரும் மார்னியும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"மாட்டிக்கிட்டவன் என்ன சொன்னான் தெரியுமா? 'மன்னிக்கணும் சார், இந்த வீட்ல சிக்னல் சரியா கிடைக்கல'ங்கிறான். அப்புறம் இருவது நிமிஷம் பேசினோம். சிரிப்பொலி எந்த வருஷம் வந்துச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க கதவு கொஞ்சம் குறுகல்தான், தம்பி, மன்னிச்சுக்கன்னு நானே மன்னிப்புக் கேட்டேன். அதுதான்யா வரவு. என் ஆயுசுல பார்த்த ஒரே நிஜமான முதல் எபிசோட். கண்ணு தெரியாம படியில விழுந்துடுவான்னு மார்னிதான் மாடி வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தா. ரெண்டு மணி நேரம் ஆச்சு."

ஒரு மாடி ஏறி இறங்க எதற்கு இரண்டு மணி நேரம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மற்றவர் கண்ணைச் சோதித்த மனிதர்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்னி தான் கட்டிக்கொள்ளப்போகிறவனைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தாள். பெயர் ரூபன் அல்காலா. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. நானும் வழக்கம்போலத் தட்டாமல் போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் மணியை ஒரே ஒரு முறை அடித்தான். சொன்ன நேரத்துக்கு வந்தான். கோட்டைக் கழற்றி மார்னியிடம் கொடுத்துவிட்டு, வெண்டெலைப் பார்த்து, "வணக்கம் சார்," என்றான். வெண்டெலின் முகம் அப்போதே தொங்கிவிட்டது.

பெரிய விபத்து அதற்குப் பிறகுதான் நடந்தது. ஹாஸ்கின்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று பக்கம்தான் ஆள் உட்காரலாம். நான்காவது பக்கம் காலி. தொலைக்காட்சியில் எந்தக் குடும்பமாவது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அது பார்வையாளர்களின் பக்கம். ஏழு பேர் விருந்துக்கு வந்தாலும் மூன்று பக்கத்திலேயே முழங்கையால் இடித்துக்கொண்டு சாப்பிடுவோம். ரூபன், பாவம், வசதியாக இருக்கிறதே என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நான்காவது பக்கத்தில் உட்கார்ந்தான். வெண்டெலின் மனைவி லொரெய்ன் இறைச்சித் தட்டைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், நாம ஏற்கெனவே..." என்று ஆரம்பித்தான் ரூபன்.

"முன்கதை வேண்டாம்," என்றார் வெண்டெல். "முதல் எபிசோட்ல முன்கதை சொல்றவன் உருப்பட்டதில்ல."

உருளைக்கிழங்கு வந்தபோது மறுபடி ஆரம்பித்தான். "இல்ல சார், போன அக்டோபர்ல..."

"உப்பு அந்தப் பக்கம் இருக்கு."

மார்னி மேஜைக்கடியில் அவனை உதைத்தது எனக்குத் தெரிந்தது. பிறகு அவன் தட்டைக் காலி செய்தான், நன்றாக இருக்கிறது என்று லொரெய்னிடம் சொன்னான். ஒழுங்காகச் சாப்பிடுகிற மனிதனைப் போல அந்த வீட்டில் அலுப்பூட்டுகிற காட்சி வேறில்லை.

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தபோது வெண்டெல் மகளிடம் ரகசியம் சொன்னார். அவருடைய ரகசியம் தெருவுக்குக் கேட்கும். "நல்ல பையன்தான்ம்மா. ஆனா ரெண்டாவது எபிசோட்ல வேற ஆளைப் போட்டுருவாங்க."

ரூபன் கையிலிருந்த நாப்கினை மடித்து மேஜையில் வைத்தான். மார்னி நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

"அப்பா, ஜூன் பதினாலு கல்யாணம். மாப்பிள்ளை இவர்தான், மாத்தப்போறதில்ல. மணமேடை வரைக்கும் நீ என் கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போறியா, நான் தனியா நடக்கட்டுமா? இப்பவே சொல்லிடு."

"ஓடாத தொடருக்கு நான் எப்படிம்மா..."

"சரி. தனியாவே நடக்கிறேன்."

இந்தப் பெண்ணுக்குப் பதினாலு வயதிலிருந்து எனக்குப் பழக்கம். தகப்பனைப் பற்றி யார் கேலி பேசினாலும் சண்டைக்குப் போகிறவள், இப்போது தன் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள். வெண்டெலுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் தீர்ப்பைத் திரும்பப் பெற்ற பழக்கம் அவருக்குக் கிடையாதே. மரியாதையாக அனுப்பிவைப்போம் என்று, ரூபனின் கோட்டை எடுக்க நடையிலிருந்த அலமாரியைத் திறந்தார்.

மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி சரிந்து, நேராக அவர் தலையில் இறங்கியது.

அவர் கை மட்டும் பெட்டிக்கு வெளியே நீண்டு, பக்கவாட்டைத் தடவியது. ஒரு பாட்டில் மூடி. இன்னொரு பாட்டில் மூடி. மேலே போய் அலுமினியத் தாளைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"இனிப்பு கொடுக்கிறப்ப காட்டலாம்னு மத்தியானம் ஒளிச்சு வச்சேன்," என்றாள் லொரெய்ன். "நீ எங்க இனிப்பு வரைக்கும் விட்டே?"

"எங்க கதவு கொஞ்சம் குறுகல்தான்னு சொன்னீங்களே சார்," என்றான் ரூபன் மெதுவாக.

மார்னி பெட்டியைப் பார்த்து, "உங்களுக்குப் பெட்டியைப் புடிச்சிருந்துது, உள்ள இருக்கிறவரையும் புடிக்கணும்னு பாத்தேன். அதான் சொல்லல," என்றாள். கோபத்தில் 'நீ' போய் 'நீங்கள்' ஆகியிருந்தது.

லொரெய்ன் கரண்டியைக் கீழே வைத்தாள். "வெண்டெல், அந்தச் சலவைக் கடைத் தொடர் ஏன் நின்னுபோச்சு?"

"ரெண்டாவதா எடுத்ததை முதல்ல போட்டான்," என்றது பெட்டி.

"அதுல என்ன தப்பு?"

"ஆளைத் தெரியாமலே தீர்ப்பு சொல்லிட்டானுங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. முதன்முறையாக அது தெருவுக்குக் கேட்காத குரலாக இருந்தது.

"இப்ப நீ பார்த்தது ரெண்டாவது. கல்யாணம் ஆன நாளா உன்னைப் பாத்துட்டிருக்கேன், ரெண்டாவது எபிசோட்னு ஒண்ணை இன்னைக்குத்தான் பார்த்திருக்க. எப்படி இருந்துச்சு?"

ரூபன் போய்ப் பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி, நோகாமல் கழற்றிவிட்டான். அவனுக்கு அந்த நுணுக்கம் தெரியும். வெண்டெலின் மூக்குக்கண்ணாடி கோணிக்கொண்டிருந்தது, கண் கலங்கியிருந்தது.

"சுமார்தான்," என்றார். பிறகு, "ரெண்டாவது எப்பவும் சுமாராத்தான் இருக்கும்னு சொல்றாங்க. மூணாவது என்னைக்கும்மா?"

"ஜூன் பதினாலு."

"வர்றேன். கையைப் பிடிக்க விடுவியா?"

மார்னி கைப்பையைக் கீழே வைத்தாள். நாங்கள் திரும்பவும் மேஜைக்குப் போனோம். வெண்டெல் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, நான்காவது பக்கத்தில், ரூபன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். எழுபது வருடப் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீச் பழ இனிப்பைச் சாப்பிட்டார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? கல்யாணத்தன்று ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்தி, "இந்தப் பையன் ஓடுவான்னு நான் முதல் நாளே சொன்னேன், கேட்டுப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நானும் ஆமாம் என்றேன். பதினாலு முறை சொன்னாரே.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரை எப்படி நீட்டினாள் என்பதை வைத்து அவளுடைய நாற்பது வருடத்தையும் சொன்ன உங்கள் அத்தை, புது மேனேஜர் கைகொடுத்த விதத்திலேயே ஆபீஸ் விளங்காது என்று கண்டுபிடித்த உங்கள் நண்பர், இவர்கள் வீட்டில் கேசட் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆரம்பத்தில் நான் இந்த மனிதரை மன்னிக்க முடியாதவர் என்றேன். அப்போது அவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஏன் தலையாட்டினீர்கள்?