எட்டு முறை கழுவிய மீன்

எங்கள் துறைமுகத்தில் இறங்கும் மீனில் கிருமி இருப்பதாக மேலிடத்துக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தபின் சும்மா இருக்க முடியுமா? வெள்ளைக் கோட்டும் கையுறையுமாக ஒரு சுகாதார அதிகாரி வந்து சேர்ந்தார். மீன், வலை, கூடை, படகுத் தளம் என்று பஞ்சுக் குச்சியால் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். பதினைந்து படகில் பதினாலில் கிருமி என்று முடிவு வந்தது. அதில் என் படகும் ஒன்று.

மறுநாளே சுற்றறிக்கை. கரைசேரும் ஒவ்வொரு படகும், மீனையும் மீன்பிடி சாதனங்களையும் துறைமுகத்திலேயே நான்கு முறை கழுவி, பதிவேட்டில் கையொப்பமிடல் வேண்டும்.

கழுவினோம். துறைமுகத்தில் குழாய் உண்டு, தண்ணீர்தான் வராது. அதனால் வாளியைக் கயிற்றில் கட்டி, படகுக்குப் பக்கத்திலேயே மொண்டு ஊற்றினோம். அந்தத் தண்ணீரில் டீசல் மிதக்கும், மீன் குடல் மிதக்கும். அதிகாரியின் அலுவலகக் கழிவறைக் குழாயும் அங்கேதான் வந்து விழுகிறது. இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சுற்றறிக்கையில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நாமாகப் போய்க் கேட்டு வம்பை விலைக்கு வாங்குவானேன்?

அடுத்த மாதம் கிருமி இரண்டு மடங்கானது. அதிகாரி தீர யோசித்தார். கழுவியும் குறையவில்லை என்றால் கழுவியது போதவில்லை என்று பொருள். எட்டு முறை கழுவச் சொன்னார். கிருமி நாலு மடங்கானது. எங்கள் ஒத்துழைப்பைப் பாராட்டி, பதினாலு பேருக்கும் சுகாதாரச் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்.

பதினைந்தாவது படகில் மட்டும் எப்போது துடைத்தாலும் கிருமி இல்லை. அது ஒரு பெண்ணின் படகு. புருஷன் இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து அவள்தான் ஆள் வைத்துக் கடலுக்குப் போகிறாள். வீட்டில் நாலு வயிறு அந்தப் படகை நம்பி இருக்கிறது. அதிகாரி அவளை அறைக்குக் கூப்பிட்டார். மீன் வாடை வராமல் ஜன்னலைச் சாத்தி வைத்திருந்த அறை. எங்களையும் சாட்சிக்கு நிற்க வைத்தார்.

"எட்டு தடவை கழுவினியாம்மா?"

"இல்ல சார். நடுக்கடல்லயே கழுவி ஐஸ்ல போட்டுடுவேன். வலையையும் கூடையையும் வெயில்ல காய வச்சிடுவேன். இங்க வந்து ஒரு சொட்டு தண்ணி பட விடமாட்டேன்."

"அப்ப பதிவேட்டுல கையெழுத்து?"

"இங்க கழுவாம எப்படி சார் போடுறது? கிருமி இல்லன்னு நீங்களேதான எழுதியிருக்கீங்க?"

"கழுவாமலே கிருமி போயிடுச்சுன்னா, கழுவச் சொன்ன நான் என்ன முட்டாளா?"

அவள் பதில் சொல்லவில்லை. அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

சுகாதார விதிமீறல் காரணமாக நாளை முதல் ஆறு மாதத்துக்கு அவள் படகு கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு தயாரானது. அவள் துறைமுகத்தில் கழுவவில்லை என்று நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தக் கழிவறைக் குழாயைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று எனக்கு வாய் வரை வந்தது. என் சான்றிதழோ மேஜையில் முத்திரைக்குக் காத்துக் கிடந்தது. கழுவவில்லை என்பது உண்மைதானே, பொய்க்கா கையெழுத்துப் போடுகிறோம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அன்று பிடித்த மீனை மட்டும் விற்றுக்கொள்ள அவளுக்கு அனுமதி. நான் சான்றிதழை வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் அவள் படகுக்கு முன்னால் வரிசை நின்றது. முதல் ஆள் அதிகாரியின் பியூன், அதிகாரி வீட்டுப் பையோடு. அவனுக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டவர்கள் அத்தனை பேரும். கடைசியில் நானும் போய் நின்றேன்.

என் முறை வந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னண்ணே, உங்க படகு நிறைய மீன் இருக்கே?"

"அது சந்தைக்கும்மா," என்றேன். "இது வீட்டுல பிள்ளைங்க சாப்பிட."