பத்தியம் முடித்த விருந்து

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் மஞ்சள் காமாலைக்கு மருந்து தெரியாத பெண்பிள்ளையே கிடையாது. அத்தனை பேருக்கும் தலைமை டாக்டர் நான். (படிப்பு: பத்தாவது பெயில்.)

எண்பதுகளின் கடைசி. எனக்கு அப்போது கைக்குழந்தை. பாக்டரிக்குப் போய்வரும் என் வீட்டுக்காரருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வரும், முதுகு வரை இழுக்கும். கறி தின்ற அன்றைக்குத்தான் வரும். வாயு என்று பூண்டை வறுத்துக் கொடுத்தேன். ஒருநாள் கண் மஞ்சளாகிவிட்டது.

"டாக்டராண்ட போலாமே," என்றார்.

"காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகவே ஆகாது," என்று அடக்கி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். எண்ணெய், நெய், கறி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று பத்தியம். கொஞ்ச நாளில் வலி நின்றது, கண்ணும் வெளுத்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

நோய் விட்டால் தலைக்கு ஊற்றி விருந்து வைக்க வேண்டாமா? பக்கத்து வீட்டு சரோஜாக்கா குடும்பத்தையும் கூப்பிட்டு, கறிக்குழம்பும் ஈரல் வறுவலுமாக இலை போட்டேன். சோற்றில் நெய்யைச் சாய்த்தேன்.

"போதும்மே, ஊத்தாத. பயமா கீது."

"பத்தியத்துல ஒடம்பு வத்திப் போச்சு, பேசாம சாப்பிடுங்க!"

வெற்றிலை மடிக்கும்போது மனுஷன் விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். மாலைக்குள் குளிர் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. "அடிப்பாவி, சோத்துல இன்னாத்தடி போட்டே?" என்று சரோஜாக்கா அலறினாள், தானும் அதே சோற்றைத் தின்ற பயத்தில்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

"ஈரல்ல ஊறுற பித்தத்தை ஒரு பை சேத்து வைக்கும்மா. கொழுப்பு சாப்பிட்டா, அதைச் செரிக்க அந்தப் பை சுருங்கிப் பித்தத்தை வெளிய தள்ளும். இவருக்குப் பையில கல்லு. ஒண்ணு குழாய்க்குள்ள போய் அடைச்சதாலதான் பித்தம் எறங்க வழியில்லாம ரத்தத்துல கலந்து கண்ணு மஞ்சளாச்சு. நடுவுல கல்லு தானா நகர்ந்து வழி விட்டிருக்கு. அதை மருந்துன்னு நெனச்சுட்டீங்க. பத்தியத்துல பை சும்மா கெடந்தது. நீங்க நெய்ய ஊத்தி எழுப்பி விட்டுட்டீங்க. மறுபடி அடைச்சு, இப்ப சீழ் புடிச்சிருக்கு. ஆபரேஷன் பண்றோம். உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். கையில் நெய் வாசனை போகவே இல்லை. பாவி, ஊட்டி ஊட்டியே தாலியை அறுத்துக்கொள்ளப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பிழைத்தார். விலாவுக்குக் கீழே நீளத் தழும்போடு இன்றைக்கும் இருக்கிறார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டு, "தலைக்கு ஊத்தலாமா?" என்று நான் வாயைத் திறந்தால் போதும்.

"மொதல்ல ஆம்புலன்ஸ கூப்டு. அப்பால இலை போடு," என்பார்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும்தான். ஆனால் அவர் சாப்பிட்டு எழுந்து நாலு எட்டு நடக்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.