சங்கு ஊதியது பொழுது சாய்ந்ததற்காக அல்ல, மாமா

திண்டிவனம்
12-11-86

வல்லம் ஸ்ரீபாலன் நயினார் மாமா அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் அக்கா ராஜமதியின் மகன் புஷ்பதந்தன் கைகட்டி நின்று எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் ஞானமதியும், கொல்லையில் மல்லாட்டைக் கடலையும் சுகமாயிருக்க அருகன் அருள வேண்டும். அக்கா மகன் என்கிற முறையில் பிறந்த அன்றே நான் உங்களுக்கு மருமகன். ஞானமதியைக் கட்டி இன்னொரு முறையிலும் மருமகன் ஆவது போன வெள்ளிக்கிழமை பேசி முடிய வேண்டியது. நீங்கள் பசியோடும் கோபத்தோடும் பஸ் ஏறிவிட்டீர்கள். வந்தவாசிப் பக்கம் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பார்ப்பதாக இப்போது கேள்வி. அவருக்கு வார்த்தை கொடுப்பதற்கு முன் இதைக் கிழிக்காமல் கடைசி வரை படியுங்கள். அன்றைக்கு நீங்கள் பார்த்தது பாதிதான்.

போபாலில் விஷவாயு வந்து அத்தனை பேர் செத்த பிறகு, நம் ஊரில் அப்படி ஆனால் என்ன செய்வது என்று யோசிக்க இங்கே ஒரு குழு போட்டார்கள். என் விஷயம் உங்களுக்குத் தெரியும். மற்ற பையன்கள் நடிகர்களுக்கு மன்றம் வைத்துக் கொடி கட்டுகிறார்கள், எனக்குத் தீயணைப்பு வண்டிதான். மணியடித்துக்கொண்டு அது போனால் கடையில் நிறுத்துக்கொண்டிருக்கிற துவரம்பருப்பைத் தராசிலேயே விட்டுவிட்டு சைக்கிளில் பின்னாலேயே போவேன். படிப்பு பத்தாவதோடு சரி, ஆனாலும் ரேடியோ கேட்டும், பொட்டலம் மடிக்க வருகிற பழைய பேப்பரைப் படித்தும் அமோனியா, குளோரின் எல்லாம் நானாகவே கற்றுக்கொண்டேன். தீயணைப்பு நிலைய ஆபீசர் துரைக்கண்ணு சார் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பொதுமக்கள் சார்பில் குழுவில் சேர்த்தார். நம் தெருவுக்குப் பின்னால் பச்சைமுத்து ஐஸ் பேக்டரி வைத்திருக்கிறாரே, அங்கே ஐஸ் உறைவதே அமோனியாவால்தான். குழாய் விட்டுப்போனால் கண் எரியும், மூச்சடைக்கும். அப்படி நடந்தால் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே நடந்து, பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து சேர வேண்டும் என்று திட்டம் போட்டு நோட்டீஸ் அடித்தோம். உங்களுக்கும் ஒரு கட்டு அனுப்பினேன். நீங்கள் அதில் மல்லாட்டை மடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பதாக அத்தை சொன்னார்கள். பரவாயில்லை, அதுவும் ஒரு விநியோகம்தான்.

ஆபத்தை ஊருக்கு எப்படித் தெரிவிப்பது என்பதில்தான் சண்டை வந்தது. பச்சைமுத்து தண்டோரா போடலாம் என்றார். தண்டோராக்காரன்தான் முதலில் செத்துப்போவான் என்றார் துரைக்கண்ணு சார். கோயில் மணி அடித்தால் ஜனங்கள் பொங்கல் வாங்கத் தூக்குவாளியோடு வருவார்கள் என்று அதையும் தள்ளினார்கள். அப்போது நான் எழுந்து, தினமும் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, சாயந்திரம் ஆறு என்று மணி தெரிய ஊதுகிற நகராட்சிச் சங்கையே வேறு நேரத்தில் விட்டு விட்டு மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று வைத்துக்கொள்ளலாமே என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மாமா, எனக்கு இதுவரை யாரும் கைதட்டியதில்லை. ஒரு நாள் ஒத்திகை பார்ப்பது என்று முடிவானது, என்றைக்கு என்பது மட்டும் குழுவுக்குள் ரகசியம். முன்னாலேயே சொன்னால் ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போய்விடும்.

அந்த ஒத்திகை வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலரைக்கு. நீங்களும் ஞானமதியும் வருவதும் அன்றைக்கே. நிச்சயம் பேசுகிற நாளில் மாப்பிள்ளை வீட்டில் இல்லாமல் போனது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். கையில் சிவப்புப் பட்டை கட்டி ஸ்ட்ரெச்சர் தூக்குகிற கோலத்தில் நீங்கள் என்னைப் பார்த்தால் பேச்சே தேவைப்படாது என்று நினைத்துவிட்டேன். அம்மா, நம் சமண வழக்கப்படி பொழுது இருக்கும்போதே சாப்பாடு முடிய வேண்டும் என்று சீக்கிரமே இலை போட்டுவிட்டாள். ஐப்பசி மழை மூட்டத்தில் கூடமெல்லாம் இருட்டு. நீங்கள் இலையில் உட்கார்ந்து, பருப்புக்கு நெய் விட்டு, பிசையப் போன நேரத்தில் சங்கு ஊதியது.

ஒரு முறை ஊதியதோடு மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. சங்கு ஊதுகிற அரங்கநாதன் ஒன்று ஊதினாலும் ஊதியதுதானே என்று டீ குடிக்கப் போய்விட்டார். மற்ற இரண்டு ஊதல் வராததால் ஊருக்கே அது ஆறு மணிச் சங்கு ஆகிவிட்டது. ரைஸ் மில்லில் வேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கடைகளில் விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டார்கள். நம் வீட்டில் அப்பா, இத்தனை வருஷமாகச் சங்கு ஊதினால் என்ன செய்வாரோ அதையே செய்தார், நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க்கடிகாரத்தின் முள்ளை ஆறுக்குத் தள்ளினார். தினமும் கொஞ்சம் பின்னால் ஓடுகிற கடிகாரம் இன்றைக்கு இவ்வளவு தூரம் ஓடிவிட்டதே என்று அதைத் திட்டிக்கொண்டே தள்ளினாராம். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை தொடாத நீங்கள் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டீர்கள்.

"இன்னும் பொழுது கெடக்குதுடா தம்பி, உக்காந்து சாப்புடு" என்று அம்மா கெஞ்சியிருக்கிறாள்.

"இன்னாக்கா வெளையாடுற? சங்கு ஊதிடுச்சி, உன் ஊட்டுக்காரரு கடியாரமும் ஆறு காட்டுது. என் விரதத்தைக் கெடுக்கறதுக்கா வல்லத்துலேருந்து வரவழைச்ச?"

சங்கும் கடிகாரமும் உங்கள் பக்கம் சாட்சி சொல்லும்போது அம்மா என்ன பண்ணுவாள், பாவம்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாயு மாதிரித் தெரிய ஈர வைக்கோலைக் கொளுத்தச் சொன்னால், எடுப்பாக இருக்கட்டும் என்று பச்சைமுத்து பழைய லாரி டயரையும் சேர்த்துப் போட்டுவிட்டார். புகை நேரே நம் தெருவுக்கு வந்தது. நீங்கள் இருமிக்கொண்டே வாசலுக்கு வந்தபோது, சைக்கிள் கடைப் பூமாலை நம் வீட்டெதிரே குப்புறக் கிடந்தான். மயங்கி விழுந்தவனாக நடிக்க நாங்கள்தான் அவனைப் போட்டிருந்தோம். நான் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வருகிறேன், அவன் உங்களைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து வணக்கம் வைக்கிறான்.

"எழுந்திரிக்காதடா, நீ செத்து எவ்ளோ நேரமாவுது" என்று நான் அவனை அமுக்கியதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

"இன்னாடா புஷ்பா, குடிச்சிட்டுக் கெடக்கறவன் கூட உனக்கு இன்னா சகவாசம்? இந்தத் தெருவுலயா எம் பொண்ணு வந்து வாழணும்?" என்று கேட்டீர்கள். வாயில் ஈரத்துணி கட்டியிருந்தேன், மீட்புப் பணியில் இருக்கிறவன் அதை அவிழ்க்கக் கூடாது என்பது விதி. பதில் சொல்லாமல் பூமாலையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதை நீங்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டீர்கள். திரும்பி உள்ளே போய் ஞானமதியைக் கூப்பிட்டால் அவளைக் காணோம். நானும் ஓடிவிட்டேன், அவளையும் காணோம் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தெருவில் நின்று நீங்கள் போட்ட சத்தம், என்னைப் பற்றி எங்கள் தெருவில் இதுவரை யாரும் சொல்லாதது.

மாமா, அவள் ஓடிப்போகவில்லை, திட்டப்படி நடந்தாள். புகை வந்ததும் குடிநீர் வடிகட்டுகிற துணியை நனைத்துக் கிழித்து, ஒன்றை அம்மா மூக்கில் கட்டி, ஒன்றைத் தான் கட்டிக்கொண்டு, கொடியில் காயும் புடவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, கொல்லைக் கதவு வழியாக அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டாள். நீங்கள் மல்லாட்டை மடித்த நோட்டீஸைத்தான் பிரித்துப் பிரித்துப் படித்திருக்கிறாள். ஊரே வரும் என்று கடிகாரத்தோடு நின்ற துரைக்கண்ணு சாரிடம் வந்து சேர்ந்தது அவர்கள் இரண்டு பேர், அப்புறம் கட்சி மீட்டிங் என்று நினைத்து மல்லாட்டைக் கூடையோடு வந்த வெள்ளையம்மாள். அவ்வளவுதான். "ஊருல நீ ஒருத்திதாம்மா உருப்படியா பொழைச்ச" என்று சார் அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் நீங்கள் வந்து அவளைப் பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

நேற்றே குழுவிலிருந்து விலகிவிட்டேன். இனிமேல் தீயணைப்பு வண்டி வாசலில் நின்று மணியடித்தாலும் தராசிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். சங்கு, குழு, ஐஸ் பேக்டரி எதற்கும் இனி நம் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்த வாத்தியார் நல்லவராகவே இருக்கட்டும், கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள். ஒரு நாள் பகலில், நல்ல வெயிலில், மறுபடி வந்து இலையில் உட்காருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். ஞானமதிக்கு எதுவும் சொல்லவில்லை, நீங்கள் படிப்பீர்கள் என்பதால். உங்கள் கொல்லை விளையட்டும், உங்கள் கோபம் காயட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒரு வகை மருமகன்,
புஷ்பதந்தன்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் துரைக்கண்ணு சார் கடைக்கு வந்தார். நான் விலகியதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. குழுவில் ஞானமதியை ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டதாம். வெள்ளிக்கிழமை நீங்கள் செஞ்சி பஸ் விசாரிக்கப் போன நேரத்தில் பின்னாலேயே வந்த அவர் பஸ் ஸ்டாண்டிலேயே கேட்க, அவளும் சரி என்றுவிட்டாளாம். உதவிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அப்போதே என் பெயரையும் கொடுத்திருக்கிறாள், அதனால் நான் விலகியது செல்லாதாம். குழுவில் இருக்கிறவர்கள் திண்டிவனத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. வல்லத்திலிருந்து எப்படியம்மா வருவாய் என்று அவர் கேட்டாராம். அதற்கு அவள் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "தையில எங்கப்பா எல்லா ஏற்பாடும் பண்ணிடுவாரு சார். அவருக்குத்தான் இன்னும் தெரியாது."