கடைசி வயலுக்கு முதல் சிக்னல்

இணையத்தைத் தண்ணீர் என்று நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் சாய்ந்தமருதில், கடற்கரைக்கு இறங்கும் சின்னத் தெருவான எங்கள் ஒழுங்கையில், கேம் சென்டர் நடத்தினார். அவருடைய சொந்தப் பெயர் பள்ளிவாசல் சந்தாப் புத்தகத்தில் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் வட்டானை.

வயல் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வாய்க்கால் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது விடுவது என்று பார்ப்பவர் வட்டவிதானை. எங்கள் வாயில் அது வட்டானை. இவர் பல போகம் அந்த வேலை பார்த்தவர். வரம்பில் நடக்க முழங்கால் இடம் கொடுக்காமல் போனதும் ஹாஜியாரின் பழைய நெல் அறையை வாடகைக்கு எடுத்து, எட்டுக் கதிரையும் ஒரு ரவுட்டரும் போட்டார். போனைக் கொண்டுபோனால் போதும், இருந்து விளையாடலாம்.

அப்போது ஃபைபர் கம்பி பிரதான வீதியோடு நின்றுவிட்டது. ஒழுங்கைக்கு டவர் சிக்னல்தான் கதி. எல்லா வீடும் அதைத்தான் பங்குபோட வேண்டும். வேறு ஆளாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். வட்டானைக்கு முகம் மலர்ந்தது. வாய்க்கால், பங்கு, சண்டை என்று அவருக்குத் தெரிந்த உலகம் கூரைக்குக் கீழேயே வந்துவிட்டது.

ரவுட்டருக்குப் பக்கத்துக் கதிரைக்குப் பெயர் மேல் வயல். சுவரோரக் கதிரை கடைசி வயல். 'கடைசி வயலுக்கு முதல் தண்ணி' என்று சோக்கட்டியால் கதவில் எழுதியிருந்தார். ஆட்டம் நடக்கும்போது எவனாவது களவாகப் படம் இறக்கினால் மூக்கிலேயே பிடித்துவிடுவார்.

"ஆருடா வக்கடையத் திறந்த?"

வக்கடை என்றால் வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிற வாய். குற்றவாளி மறுநாள் எட்டுக் கதிரையையும் துடைக்க வேண்டும்.

நான் இருந்தது கடைசி வயலில். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ரவுட்டர் சூடாகுமோ, கரண்ட் போகுமோ, கூரையில் காகம் இருந்தால் சிக்னல் குறையுமோ என்று விளையாடுவதற்கு முன்பே களைத்துப்போவேன். எங்கள் துப்பாக்கி ஆட்டத்தில் ஐந்து பேர் ஒரு அணி. எனக்கு என்ன வேலை கொடுப்பதென்று மற்ற நால்வருக்கும் தெரியவில்லை. வட்டானைதான் தீர்த்து வைத்தார்.

"இவனக் காவலுக்குப் போடுங்கடா. யானைக் காவலுக்குப் பயந்தவன்தான் போகணும். தைரியசாலி பரண்ல படுத்துத் தூங்கிருவான்."

அன்றிலிருந்து வரைபடத்தைப் பார்த்து, எதிரி எங்கிருந்து வருவான் என்று சொல்வது என் வேலை. எதிரி வராத இடத்திலும் வருவான் என்றே சொல்வேன். அதனால் எங்கள் அணியைப் பின்னால் வந்து அடித்தவன் கிடையாது.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு ஹாஜியார் உள்ளே வந்தார். அறையின் சொந்தக்காரர். மருதமுனையில் அவருக்குத் தறிகள் ஓடுகின்றன.

"வட்டானை, இந்த விளையாட்டில என்ன யாவாரம்?"

"விளையாட்டு சும்மா ஹாஜியார். ஆரும் இறக்கலாம்."

"அப்ப கம்பனிக்காரன் எதத் திங்கிற?"

"அவன் சட்ட விக்கிறான்."

சட்டை என்றதும் ஹாஜியார் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என்ன துணி?"

"துணியில்ல. படத்துக்குள்ள ஓடுற பொடியனுக்கு உடுத்துற சட்ட. காசு கட்டினா நிறம் மாறும்."

"நூல் செலவு?"

"இல்ல."

"சாயம்? தையல் கூலி?"

"அதுவும் இல்ல. ஒரே சட்டய உலகம் முழுக்க விக்கிறான். தீந்து போகாது, கிழியாது, உடுத்தவும் ஏலாது."

ஹாஜியார் உடுத்திருந்த சாரத்தின் கரையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நாங்க நாப்பது வருசமா நூலோட மாரடிச்சிருக்கம்" என்றார்.

ஆனால் அவர் வந்த காரியம் வேறு. ஒழுங்கையில் முறைப்பாடு கூடிவிட்டதாம். பிள்ளைகள் ஓதப் போகச் சுணங்குகிறார்கள், கூப்பிட்டால் காது கேட்பதில்லை. மாதக் கடைசியில் சாவியைத் தர வேண்டும்.

வட்டானை எங்களைப் பார்த்தார். கொழும்பு அணியொன்றோடு எங்களுக்குப் போட்டி குறித்திருந்தார்கள். வென்றால் அகில இலங்கை இறுதிப் போட்டி.

"ஹாஜியார், வாற சனிக்கிழம இவனுகள் தோத்தா நானே சாவியக் கொண்டுவந்து தாறன். வெண்டா நீங்க கேக்கப்படாது."

"கொழும்பானையா? சரி" என்றார் ஹாஜியார், சாவி கைக்கு வந்துவிட்ட மாதிரி.

நான் அன்றைக்கே கணக்குப் பார்த்துவிட்டேன். எங்களிடம் கை இருந்தது, காவல் இருந்தது. சிக்னல்தான் இல்லை. பின்னேரமானால் ஒழுங்கையே போனைத் திறக்கும். எங்கள் ஆள் சுடுவதற்கு முன் செத்துப்போவான்.

சனிக்கிழமை ளுஹர் தொழுகைக்குப் பிறகு வட்டானை சைக்கிளை எடுத்தார். வீடு வீடாகப் போனார். நானும் பின்னால் போனேன், அவர் யாருடனும் சண்டை பிடித்துவிடுவாரோ என்ற பயத்தில். முதல் வீட்டு வாசலில் அக்கா ஒருவர் நின்றார், எங்கள் வாயில் ராத்தா.

"ராத்தா, அஞ்சு மணியிலிருந்து மஃரிப் வரைக்கும் போனக் கட்டி வைக்கணும், வக்கடையக் கட்டுற மாதிரி."

"அதெப்பிடி? அவர் கட்டாரிலிருந்து அஞ்சு மணிக்கித்தானே எடுப்பார்."

"அவருக்கிட்டச் சொல்லுங்க, கீழ் வயல் காயுதெண்டு."

"என்ட மனிசன் அங்க கிரேன் ஓட்டுறார். வயலெண்டா என்ன நினைப்பார்?"

"அவருக்கும் மேட்டு வட்டைக்குள்ள ரெண்டு ஏக்கர் இரிக்கி. வெளங்கும்."

கொஞ்ச நேரத்தில் கட்டாரிலிருந்து குரல் பதிவு வந்தது. 'வட்டானை சொன்னாக் கட்டத்தான் வேணும் புள்ள. நான் ராவைக்கு எடுக்கிறன்.'

சிக்னலுக்கு இல்லாத மரியாதை தண்ணீர் முறைக்கு இருந்தது. ஒரு வீடு தவறாமல் எல்லோரும் ஓம் என்றார்கள். ஹாஜியார் கூட, தோற்பதைச் சுத்தமாகத் தோற்கட்டும் என்று சம்மதித்தார்.

மூன்று சுற்று ஆட்டம். முதல் சுற்று தொடங்கும்போது சிக்னல் மாரிகால வாய்க்கால் மாதிரி பாய்ந்தது. பாதியில் வற்றியது. எங்கள் ஐந்து பேரும் ஓடியபடியே உறைந்து நின்றார்கள். கொழும்புக்காரன் ஆறுதலாக வந்து ஒவ்வொருவராகச் சுட்டுவிட்டுப் போனான். தோற்றோம்.

வட்டானை வெளியே பாய்ந்தார். ஒழுங்கை முழுவதும் வாசல் படலையடியில் ஆட்கள். எல்லோர் கையிலும் போன்.

"ராத்தா, கட்டச் சொன்னேனே. என்ன பாக்கிறீங்க?"

"ஒங்கட பொடியன்களத்தான். நேரலையில போகுதாம், கட்டாரிலிருந்து இவர்தான் லிங்க் அனுப்பின. அந்த ஊதாச் சட்டைக்காரன் நம்மட ஆளா?"

நாங்கள் வெல்ல வேண்டும் என்று போனைக் கட்டியவர்கள், நாங்கள் வெல்வதைப் பார்க்க வேண்டும் என்று திறந்துவிட்டார்கள். ஆகப் பெரிய போன் ஹாஜியாரின் கையில் இருந்தது.

"நான் அந்தச் சட்டையத்தான் பாத்த" என்றார் அவர்.

வட்டானை திரும்பினார். நெல் அறையின் யன்னலில் வந்து நின்றார். கண் உள்ளே, வாய் வெளியே.

"எல்லாரும் கட்டுங்க. என்ன நடக்குதெண்டு நான் சொல்றன்."

போன்கள் அணைந்தன. சிக்னல் கோடுகள் நிறைந்தன. இரண்டாம் சுற்றை எங்கள் ஒழுங்கை வட்டானையின் வாயால் பார்த்தது.

"நம்மடவன் வரம்புக்குப் பின்னால படுத்திரிக்கான். கொழும்பான் குடிலுக்குள்ள. வெளியால வாறான், கோழிக் கள்ளன் மாதிரி அங்கயும் இங்கயும் பாக்கிறான். வா மனெ, வா. ஆ, விழுந்திட்டான்."

ஒழுங்கை கைதட்டியது.

"வெடி பட்டு, நம்மட ஒருத்தன் மௌத்து."

"இன்னாலில்லாஹி... ஆரு?" என்றார் ராத்தா.

"பயப்படாதீங்க, அடுத்த சுத்துக்கு எழும்பிருவான்."

துப்பாக்கிகளின் பெயர் ஒன்றும் அவருக்குத் தெரியாது. எல்லாம் மண்வெட்டி, தாக்கத்தி, மருந்தடிக்கிற மெசின். ஆனாலும் யார் எங்கே நிற்கிறான், எவன் தனியாக மாட்டியிருக்கிறான் என்பது அறுவடைக் கணக்கு மாதிரிச் சரியாக இருந்தது. இரண்டாம் சுற்று எங்களுக்கு.

மூன்றாம் சுற்றின் கடைசியில் எங்கள் பக்கம் நான் மட்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர். யன்னலில் வட்டானையின் குரல் இறங்கியது.

"காவல்காரன் மட்டும்தான் மிச்சம். அவன் அசையமாட்டான். ரெண்டு யானை வருது. அவனுக்குப் பயம். நல்ல பயம். அதால எல்லாப் பக்கமும் பாத்துக்கிட்டு இரிக்கான்."

பயந்துகொண்டே இரண்டு பேரையும் பார்த்தேன். பயந்துகொண்டே சுட்டேன். பொழுதுபட்டு, மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டம் முடிந்தது. வெளியே எழும்பிய சத்தத்தில்தான் வென்றோம் என்று தெரிந்தது.

ஹாஜியார் பிறகு சாவியைக் கேட்கவில்லை. இறுதிப் போட்டிக்குப் போகுமுன் ஐந்து கைத்தறிச் சாரம் கொண்டுவந்தார், கரையில் அணியின் பெயர் நெய்து. "இது உடுத்த ஏலும்" என்றார். கொழும்பில் தோற்றோம். மற்ற நால்வரும் கவலைப்படவில்லை. அவர்கள் பங்கையும் நான் பட்டேன்.

இப்போது ஒழுங்கைக்கு ஃபைபர் வந்துவிட்டது. நெல் அறைக்குப் பக்கத்து அறையும் சேர்ந்துவிட்டது. நிந்தவூரிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் பஸ் ஏறி வந்து விளையாடுகிறார்கள். நான் கொழும்பில், பெரிய போட்டிகளுக்குத் தமிழில் நேரலை வர்ணனை செய்கிறேன். எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பு என்றால் நம்புவதில்லை. ஒரு யன்னலில் என்றால் விளங்குவதில்லை.

ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் வட்டானைக்குத்தான் முதலில் போன் எடுப்பேன். அண்ணன் முறையானவரை நாங்கள் காக்கா என்போம்.

"கேட்டீங்களா காக்கா?"

"எப்பிடிடா கேக்கிற? நீ கதைக்கிற நேரம் நான் போன ஓஃப் பண்ணிருவன். ஒனக்கு சிக்னல் காணாமப் போனா?"

"நான் கொழும்பு காக்கா. வேற டவர்."

"தண்ணி எங்கயிருந்து வருதெண்டு ஒனக்குத் தெரியுமா மனெ?"

என் வர்ணனை ஒன்றைக்கூட அவர் இதுவரை கேட்டதில்லை. நானும் இப்போது எதிர்த்துக் கதைப்பதில்லை. மைக்கைப் போடுமுன் பயத்தோடு சிக்னல் கோடுகளைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் நிறைந்துதான் இருக்கின்றன.