பிரேக் ஹோஸ் அளந்த படலம்

"இவ்வளவு உசரம் எதுக்குங்க?"

"மலை ஏற வேணாமா?"

"யாரு, ஜீப்பா?"

"பின்ன, நீயா?"

ஸ்பிரிங்குகளை மாற்றி ஜீப்பை நான்கு அங்குலம் உயர்த்திய அன்று கணவனும் மனைவியும் பேசியது இவ்வளவே. அடுத்துச் சொல்ல வந்ததை அவள் விழுங்கினாள். அன்றுமுதல் அது அவள் நெஞ்சுக்குள் அஞ்ஞாதவாசம் இருந்தது.

வாழ்க எம் தலைவன்! கிரீஸ் படிந்த பனியனே கவசமாய், ஸ்பேனரே செங்கோலாய், தரையில் மல்லாந்தபடியே வாகை சூடப் பிறந்த மாவீரன் வாழ்க! தெருப் பூனைகள் அடியில் தலை குனியாமல் கடந்து செல்லும் அவனுடைய உயர்தேரும் வாழ்க! அந்தோ, அத்தேரில் அவன் பக்கத்து இருக்கை மட்டும் ஞாயிறுதோறும் வெறுமையாய் மலையேறி வெறுமையாய் இறங்கியது. தலை வலிக்கிறது என்றாள் ஒரு முறை. துணி காயப்போட வேண்டும் என்றாள் மறுமுறை. ஜீப்பை அவளுக்குப் பிடிக்கவில்லையோ, ஒருவேளை தன்னையே பிடிக்கவில்லையோ என்று, செங்குத்துப் பாறைக்கும் அஞ்சாத அவன் மார்பு உள்ளுக்குள் நடுங்கியது. முதல் நாளே அவள் ஏற முயன்றதையும், ஒற்றைச் செருப்பு தரையிலேயே தங்கிவிட்டதையும், முன்னால் நின்று உயரத்தை ரசித்துக்கொண்டிருந்த அவன் கண்டானில்லை.

இதோ, போர் மூண்டது! பகைவன் யார்? வண்டியின் சட்டத்திலிருந்து சக்கரத்துக்குப் போகும், ஒரு முழம்கூட இல்லாத ரப்பர்க் குழாய். பிரேக் எண்ணெய் சுமக்கும் கருநாகம். சமதரையில் சோம்பிக் கிடக்கும் அது, சக்கரம் பள்ளத்தில் தொங்கும் வேளையில் நீளம் போதாமல் அறுந்துவிட்டால், தேரும் நிற்காது, தலைவனும் நிற்க மாட்டான். ஆகவே அதன் நீளம் போதுமா என்று அளந்தறியச் சட்டத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டுகளில் இருத்தி, முன்சக்கரங்களை அந்தரத்தில் தொங்கவிட்டான். ஸ்டியரிங்கைத் திருப்ப ஆள் வேண்டுமே! மனைவியை அழைத்தான். அவள் குளியலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் நின்று, கதவைப் பற்றி, முழங்காலை ஊன்றி, மூச்சு வாங்க அரியணை ஏறினாள். தலைவனோ அந்த ஸ்டூலையே தன் பக்கம் இழுத்து, அதன்மேல் டார்ச்சை வைத்துவிட்டு, போர்க்களத்துக்குள் முதுகால் நகர்ந்து புகுந்தான்.

"ஸ்டாண்டு நிக்குமாங்க?"

"கீழ படுத்திருக்கறவன் நான்டி! நீ லெஃப்ட்ல முழுசா ஒடி!"

ஒடித்தாள். சக்கரம் திரும்பியது, குழாயோ வளைந்து, குழைந்து, அடிபணிந்தது. வெற்றி முரசு அவன் காதுக்குள் அதிர்ந்தது.

"இப்ப ரைட்ல!"

ஒடித்தாள். ஆ, என்ன கொடுமை! வளைந்திருந்த நாகம் நிமிர்ந்தது, நீண்டது, நாணேற்றிய வில்லின் கயிறுபோல் விறைத்து நின்றது.

"எட்டலடி!" என்று பாதாளத்திலிருந்து எழுந்தது தோற்ற வேந்தனின் ஓலம். "ரெண்டு இஞ்சு எட்டல!"

மேலேயோ, இறங்குவதற்குக் கால் நீட்டிய பேரரசி, ஸ்டூல் இருந்த இடத்தில் வெட்டவெளியைத் துழாவிக்கொண்டிருந்தாள். துழாவிய கால் ஓய்ந்தது. நெஞ்சுக்குள் கிடந்த அஞ்ஞாதவாசம் முடிந்தது. எண்திசையும் செவி சாய்க்க, தொங்கிய சக்கரங்கள் சுழலாது நிற்க, ஒற்றைச் செருப்பு கண்ட பழைய பழியெல்லாம் தீர, ஆங்கு அவள் திருவாய் மலர்ந்தாள்:

"எனக்கும்தாங்க எட்டல, ஏற ஒரு படி வச்சுக் குடுங்க, ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்."