பியானோவுக்கு வந்த மதிப்பு

மனித வரலாற்றில் இரண்டே யுகங்கள்தான். பொருள்களை உபயோகித்துப் பாழாக்கிய இருண்ட யுகம் ஒன்று; அவற்றை மதிப்பிடக் கற்றுக்கொண்ட பொன்யுகம் மற்றொன்று. நம் தணிக்கை அதிகாரி முன்னதிலிருந்து பின்னதுக்கு ஒரு சனிக்கிழமை காலையில், பனியனோடு, தாவினார்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக மகள் அதில் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். அங்கே இடம் கிடைக்காவிட்டால் தனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று அவள் சொல்லியும் வைத்திருந்தாள். இந்த நேரம் பார்த்து அலுவலகத்தில் யாரோ, "பழைய பியானோவா? கொள்ளை விலை போகுமே!" என்று கொளுத்திப் போட, அதிகாரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'அங்கீகரிக்கப்பட்ட' மதிப்பீட்டாளரை வரவழைத்துவிட்டார்.

வெள்ளைக் கையுறை, பூதக்கண்ணாடி, டார்ச் சகிதம் வந்த மதிப்பீட்டாளர் பியானோவுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். தட்டினார். முகர்ந்தார். அதன் ஒரு காலைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி மூச்சுவிட மறந்து நின்றார்.

"வாசிச்சுக் காட்டட்டுமா?" என்றாள் மகள்.

பதறி எழுந்த மதிப்பீட்டாளரின் தலை 'ணங்' என்று இடித்தது. "வாசிக்கறதா? இதையா? நான் பியானோவை மதிப்பிடறவன்மா. சத்தத்துக்கெல்லாம் வேற துறை."

பிறகு அதிகாரியின் காதில் தொகையைச் சொன்னார். அதிகாரி நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு குறை சார். நடுக் கட்டைகள்ல 'விரல்வழிச் சேதாரம்' தெரியுது. வீட்ல யாராவது இதைத் தொடறாங்களா?"

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள்.

அன்று மாலையே அவசரக் குடும்பக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைமை: அதிகாரி. தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே, வழிமொழிந்தவரும் அவரே. பியானோ பூட்டப்பட்டு, சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது.

"அப்பா, அடுத்த மாசம் பரீட்சைப்பா!"

"மனசுக்குள்ள வாசி கண்ணு. சேதாரமே வராது."

"அப்ப நான் மனசுக்குள்ள சமைக்கறேன், நீங்க மனசுக்குள்ள சாப்பிடுங்க" என்றாள் மனைவி. இது கூட்டக் குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

மகள் சாப்பாட்டு மேஜைமேல் விரல்களை ஓட்டிப் பழகினாள். ஓசையில்லாத அந்தச் சாதகத்தைக் கண்டு அதிகாரி முதலில் பூரித்தார், பிறகு துணுக்குற்றார். மேஜைக்கும் ஒரு மதிப்பு இருக்குமல்லவா? மேஜைக்கு உறை வந்தது. சோபா பிளாஸ்டிக்குள் போனது. நல்ல கோப்பைகள் அலமாரிக்குள் சிறைப்பட்டன. குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. தரை இன்னும் மதிப்பிடப்படாததால் அதற்குத் தடையில்லை.

கடைசியில் மனைவி இரண்டு பெட்டிகளைக் கட்டினாள். "எங்க அண்ணன் வீட்ல ஒரு ஓட்டை பியானோ இருக்கு. எலிகூட அதுல வாசிக்கலாம். நாங்க கிளம்பறோம்."

"பார்த்து! கதவுல பெட்டி இடிச்சிடப் போகுது" என்றார் அதிகாரி, அக்கறையோடு.

அந்த ஓட்டை பியானோவிலேயே பழகி மகள் தேறிவிட்டாள். செய்தி போனில் வந்தது. அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் கூடத்தில் உறைகள்தான் இருந்தன. ஆறுதலுக்கு மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டார்.

அவர் வந்து வீடு முழுக்க டார்ச் அடித்துப் பார்த்து, நா தழுதழுக்கச் சொன்னார்: "அபாரம் சார்! ஒரு கீறல் இல்ல, ஒரு கறை இல்ல. மனுஷங்க புழங்கின அடையாளமே இல்ல. இங்க யாரும் குடியில்லையா?"

"நான் ஒருத்தன் இருக்கேனே" என்றார் அதிகாரி, மெதுவாக.

மதிப்பீட்டாளர் டார்ச்சை அவர் பக்கம் திருப்பி, உச்சி முதல் பாதம்வரை ஒருமுறை ஓட்டினார்.

"தெரியும் சார். அதைக் கழிச்சுட்டுத்தான் மதிப்புப் போட்டிருக்கேன்."